தையல் கோடு

அம்மாவின் தையல் மெஷின் மேசையில், இடது ஓரத்தில், ஒரு கல் இருக்கிறது. உள்ளங்கையை நிறைக்கும் அளவு. பானைக்கு அடியில் வைக்கிற பிரிமனை மாதிரி சுருண்டது. வெட்டுவதற்கு விரித்த துணி ஃபேன் காற்றில் நகராமல் இருக்க அதைத்தான் தூக்கி வைப்பாள். எங்கள் தெருப் பெண்களின் ரவிக்கைத் துணியில் பாதியாவது அந்தக் கல்லுக்கு அடியில் படுத்து எழுந்ததுதான்.

கல்லை எடுத்துவந்தவள் நான். 1994 மே மாதம். ஆறாம் வகுப்பு முழுப் பரீட்சை முடிந்து காரைக்கு, அம்மாயி வீட்டுக்குப் போயிருந்தேன். பெரம்பலூர் அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை, எல்லாம் திருச்சி மாவட்டம்தான். பாடாலூரில் இறங்கிக் கிழக்கே போக வேண்டும். கரிசல் காடு, பருத்தி, சோளம் என்று போய்க்கொண்டே இருக்கும் நிலம் காரையைத் தாண்டியதும் உடைந்துவிடும். மழை அரித்து அரித்து ஓடை ஓடையாகப் பிளந்த களிமண் மேடுகள். சாம்பலும் செம்மஞ்சளும் கலந்த நிறம். புல்கூட அங்கே சரியாகப் பிடிக்காது. வெயில் ஏறினால் ஜிப்சம் தகடுகள் கண்ணாடிச் சில்லு மாதிரி மின்னும். மாமா வெள்ளாடுகளை அந்த வழியாகத்தான் ஓட்டுவார். நான் பின்னாலேயே போவேன்.

எங்களுக்கு அங்கே இரண்டு பொருள் முக்கியம். ஒன்று தோட்டாக்கல், விரல் நீளத்தில் ஒரு முனை கூராக இருக்கும். இன்னொன்று நத்தைக்கல். தோட்டாக்கல் ஏராளமாகக் கிடக்கும், டவுசர் பை நிறைய அள்ளலாம். முழுசாக ஒரு நத்தைக்கல் கிடைப்பது அபூர்வம். எனக்கு அன்றைக்குக் கிடைத்தது. கட்டிக் களிமண்ணிலிருந்து பாதி வெளியே தெரிந்துகொண்டு, விலா எலும்பு மாதிரி வரிகளோடும் வரிகளின் மேல் குமிழ் குமிழாக முடிச்சுகளோடும் இருந்தது. மாமா ஆட்டுக் குச்சியின் நுனியால் நெம்பி எடுத்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு அடைக்கும். கல் பளபளப்பாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, மீதி லீவு முழுக்க அதை அம்மாயி வீட்டுத் துவைக்கிற கல்லில் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். ஒரு பக்கத்தின் வரிகள், முடிச்சுகள் எல்லாம் கரைந்து வழுவழுப்பாகிவிட்டது. வழுவழுப்பானதும் வேறொன்று வெளியே வந்தது. சுருளுக்குக் குறுக்கே, ஒன்றுக்குப் பின் ஒன்றாக, வளைந்து வளைந்து ஓடும் மெல்லிய கோடுகள். ஊருக்குத் திரும்பியதும் அம்மாவிடம் காட்டினேன். அம்மா கண்ணருகே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உள்தையல் மாதிரி இருக்கு பாப்பா."

சொல்லிவிட்டுக் கல்லை மேசையில் வைத்தாள். அங்கேயே இருந்துவிட்டது.

பத்து வருஷம் கழித்து, 2004இல், நான் திருச்சியில் எம்.எஸ்சி. ஜியாலஜி முதலாண்டு. தொல்லுயிர் பிராக்டிகலில் அம்மோனைட்டுகளை மேசையில் பரப்பி, சூச்சர் கோட்டை டிரேசிங் தாளில் வரையச் சொன்னார்கள். சூச்சர் என்றால் தையல். அந்தச் சொல்லைக் கேட்டதும் அம்மா சொன்னது காதில் விழுந்தது.

எங்கள் நத்தைக்கல் என்பது அம்மோனைட், எப்போதோ அழிந்துபோன ஒரு கடல் பிராணியின் ஓடு கல்லானது. ஆனால் அம்மோனைட் நத்தை இல்லை. நத்தை ஓட்டின் உள்ளே ஒரே குழாய்தான், நுனி முதல் வாய் வரைக்கும் பொதுவாகத் தடுப்பே கிடையாது. அம்மோனைட் ஓட்டுக்குள் அறை அறையாகத் தடுப்புச் சுவர்கள் உண்டு. பிராணி கடைசி அறையில் மட்டும் குடியிருக்கும். வளர வளர முன்னால் நகர்ந்து, பின்னால் ஒரு சுவர் எழுப்பிக்கொள்ளும். விட்டுவந்த அறைகளின் தண்ணீரை ஒரு மெல்லிய குழாய் உறிஞ்சி வெளியேற்றும், இடத்தில் வாயு நிறையும், ஓடு மிதக்கும். அந்தச் சுவரின் விளிம்பு வெளி ஓட்டின் உட்புறத்தில் ஒட்டுகிற இடம்தான் சூச்சர். உயிரோடு இருக்கும்போது வெளியிலிருந்து அது தெரியாது. பிராணி செத்து, அறைகளில் சேறோ சுண்ணாம்போ இறுகி, பல கோடி ஆண்டு கழித்து வெளி ஓடு உதிர்ந்தால்தான் தெரியும். ரவிக்கையை உள்பக்கம் திருப்பினால்தானே தையல் தெரிகிறது, அதே மாதிரி.

அந்தக் கோட்டை வைத்துத்தான் இந்தப் பெருங்கூட்டத்தை முதலில் மூன்றாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். கோடு மழுங்காத எளிய வளைவுகளாக, ஜிக்ஜாக் தையல் மாதிரி போனால் கோனியடைட் வகை. டெவோனியன் முதல் பெர்மியன் வரைக்குமான பழைய பாறைக் காலங்களில் பெரும்பாலும் அது. முன்னோக்கி எழும் மேடுகள் வழுவழுப்பாக இருந்து, பின்னோக்கி இறங்கும் பள்ளங்கள் மட்டும் அரம் மாதிரி பல் பல்லாக இருந்தால் செரடைட் வகை, அது பெரும்பாலும் அடுத்து வந்த டிரையாசிக் காலத்துக்கு உரியது. மேடு பள்ளம் இரண்டுமே கிளைத்து, கிளையிலிருந்து கிளைத்து, கொத்தமல்லித் தழை விளிம்பு மாதிரி ஆகிவிட்டால் அம்மோனைட் வகை, அதற்கும் பிந்தைய ஜுராசிக்கும் கிரெட்டேஷியஸும். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் லியோபோல்ட் ஃபான் புக் என்ற ஜெர்மானியர்தான் இந்தக் கோட்டை முதலில் ஊன்றிப் பார்த்தவர்களில் முக்கியமானவர். மேடுக்கு சேணம் என்று பெயர், பள்ளத்துக்கு மடல்.

எனக்கு வீட்டுக் கல் ஞாபகம் வந்துவிட்டது. அந்த வெள்ளிக்கிழமையே ஊருக்குப் போய், அம்மாவுக்கு ஒரு படிக்கல்லைக் கொடுத்துவிட்டுக் கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஹாஸ்டல் லைட்டில் உட்கார்ந்து வரைந்து பார்த்தேன். சேணங்கள் வழுவழுப்பு. மடல்களில் மட்டும் லேசாகப் பல். படத்தில் இருந்த செரடைட் அப்படியே. டிரையாசிக்! காரையில் டிரையாசிக்! ராத்திரி தூங்கவே இல்லை.

காலையில் பேராசிரியர் டேபிளில் கொண்டுபோய் வைத்தேன். அவர் என் டிரேசிங்கைப் பார்த்தார். கல்லைக் கையில் எடுத்துப் பெருவிரலால் வழுவழுப்பைத் தடவினார். பிறகு கவிழ்த்து, நான் தேய்க்காத பக்கத்தை ஜன்னல் பக்கம் பிடித்தார்.

"எதுலம்மா தேச்ச?"

"துவைக்கிற கல்லுல சார்."

"எத்தனை நாள்?"

"ஒரு மாசம்."

அவர் திட்டவில்லை. லென்ஸை என் கையில் கொடுத்து, மறுபக்கத்தில் ஓடு உதிர்ந்திருந்த ஓர் இடத்தைக் காட்டினார். பாசி படர்ந்த மாதிரி கோடு. இம்மி இடம் விடாமல் கிளைக்குள் கிளை. முழு அம்மோனைட். ஒரே பிராணியின் ஒரு பக்கம் டிரையாசிக், மறுபக்கம் கிரெட்டேஷியஸ் என்று இருக்க முடியாதே.

தடுப்புச் சுவர் நடுவில் கிட்டத்தட்டச் சமமாகத்தான் இருக்கும். ஓட்டை நெருங்க நெருங்கத்தான் மடிய ஆரம்பிக்கும், விளிம்பில் போய்த்தான் அவ்வளவு நுணுக்கமாகச் சுருங்கும். விளிம்பைத் தேய்த்துவிட்டால் கண்ணுக்குத் தெரிவது சுவரின் உள்பகுதி. கிளைகள் போய், பெரிய வளைவுகள் மட்டும் மிஞ்சும். நான் பார்த்த செரடைட்டை உண்டாக்கியது என் கைதான். "செரடைட் வேணும்னா இமயமலையில ஸ்பிதிக்குப் போகணும்மா. நம்ம பக்கம் அந்தக் காலத்துக் கடலே இல்ல" என்றார். காரைப் பகுதியின் அடியில் இருப்பது நைஸ் என்னும் மிகப் பழைய கடினப் பாறை. தெரணிப் பக்கம் அதன்மேல் செடி கொடிகளின் படிவம் உள்ள களிமண். அதற்குப் பிறகு கிரெட்டேஷியஸில்தான், இந்தியா அண்டார்டிகாவிடமிருந்து பிரிந்து விலகிக்கொண்டிருந்தபோது, கடல் உள்ளே ஏறி வந்தது.

அந்த வாரக் கடைசியில் அம்மாவிடம் இரண்டு பக்கத்தையும் காட்டி விளக்கினேன். சுவரின் ஓரம் ஏன் இவ்வளவு சுருங்க வேண்டும் என்று கேட்டாள். 1836இல் பக்லேண்ட் என்பவர், தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்க ஓட்டுக்கு முட்டுக்கொடுக்கத்தான் என்று எழுதினார், இல்லை, அறைத் தண்ணீரைக் கையாளவும் உடல் பிடித்துக்கொள்ளவும்தான் என்று பின்னால் வந்தவர்கள் வாதாடுகிறார்கள் என்று சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டே ஒரு பாவாடையின் இடுப்புக்குச் சுருக்கு வைத்துக்கொண்டிருந்தாள்.

"நெறையத் துணியச் சின்ன எடத்துல புடிச்சு வைக்கணும்னா சுருக்குத்தான் வைக்கணும்" என்றாள். பிறகு கல்லின் தேயாத பக்கத்தைப் பார்த்து, "இது ஒரு கை, அது ஒரு கை. தைச்ச ஆளு வேற வேறன்னா தையலைப் பாத்தாத் தெரிஞ்சுரும்ல?" என்று கேட்டாள்.

தெரியும், ஆனால் ஏமாறவும் ஏமாறுவோம். கிரெட்டேஷியஸிலேயே சில அம்மோனைட்டுகள் சூச்சரைத் திரும்ப எளிதாக்கிக்கொண்டன. பார்த்தால் செரடைட் மாதிரியே இருக்கும், போலிச் செரடைட் என்றே அவற்றைச் சொல்வார்கள். அதனால் முற்றிய ஓட்டின் கோட்டை மட்டும் நம்பாமல், பிராணி முட்டையிலிருந்து வந்த காலத்தின் கோட்டைத் தேடினார்கள். ஓட்டை நடுவரை உடைத்து, மில்லிமீட்டர் அளவுள்ள கரு ஓட்டுக்கு அடுத்து வரும் ஆரம்பச் சூச்சரில் எத்தனை மடல் என்று எண்ணுவது. பழைய கோனியடைட்டுகளில் மூன்று, டிரையாசிக்காரர்களில் நான்கு, ஜுராசிக் கிரெட்டேஷியஸ் அம்மோனைட்டுகளில் ஐந்து. ஷிண்டவோல்ஃப் என்ற ஜெர்மானியர் இதில் வாழ்நாளைச் செலவழித்தார். பிறகு ஓர் அதிசயம். கிரெட்டேஷியஸில் சுருள் அவிழ்ந்து கோபுரமாகவும் தடியாகவும் கொக்கியாகவும் போன ஒரு கூட்டம் உண்டு. தோற்றத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. காரையில் கிடைக்கும் டரிலைட்டஸ், சங்கு மாதிரி மேலே எழும்பும். புதுச்சேரிப் பக்கத்து யூபாகுலைட்டஸ் கிட்டத்தட்ட நேர்க்குச்சி. ஜப்பானில் 1904இல் யாபே பெயர் வைத்த நிப்போனைட்டஸ், சிக்கு விழுந்த நூல்கண்டு. ஆனால் இந்தக் கூட்டத்தின் ஆரம்பச் சூச்சரில் ஐந்துக்குப் பதில் நான்கு மடல். அந்த ஒற்றைக் கணக்குதான் எல்லாரையும் ஆன்சிலோசெராட்டினா என்ற ஒரே குடும்ப மரத்தில் கொண்டுவந்து சேர்த்தது.

எங்கள் பக்கம் பங்காளி யார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டார்கள். எந்தக் கோயிலில் பொங்கல் வைக்கிறீர்கள் என்றுதான் கேட்பார்கள். அம்மோனைட்டுக்கும் அதேதான். இன்றைக்கு உயிரோடு இருக்கும் பிராணிகளில் பார்க்க அதேபோல் இருப்பது நாட்டிலஸ். சுருள், அறைகள், உள்ளே குழாய், எல்லாம் உண்டு. ஆனால் அம்மோனைட்டின் நெருங்கிய உறவு கணவாயோடு. நாட்டிலஸின் குழாய் அறைகளின் நடுவே ஓடும், அம்மோனைட்டின் குழாய் அநேகமாக எப்போதும் வெளி விளிம்பை ஒட்டி. நாக்கில் இருக்கும் பல் வரிசையை எண்ணினால் நாட்டிலஸுக்குப் பதின்மூன்று, அம்மோனைட்டுக்கும் கணவாய்க்கும் ஒன்பது. நாகப்பட்டினத்து மீன்கடையில் கணவாயைப் பார்க்கும்போதெல்லாம் மெஷின் மேசைக் கல்லின் பங்காளி என்று எனக்குத் தோன்றும். தோட்டாக்கல்லும் அந்த வகையறாதான், அது பெலம்னைட் என்ற கணவாய் மாதிரிப் பிராணியின் உள் எலும்பு.

கல்லூரி நூலகத்தில்தான் கடவுள்களின் பட்டியல் கிடைத்தது. 1840களின் தொடக்கத்தில் மதராஸ் அரசுப் பணியில் இருந்த கே, கன்லிஃப் என்ற இரண்டு பேர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பக்கங்களில் பொறுக்கிய கல்லையெல்லாம் லண்டன் புவியியல் கழகத்துக்கு அனுப்பினார்கள். அவற்றைப் பிரித்துப் பெயர் வைக்கும் வேலை எட்வர்ட் ஃபோர்ப்ஸுக்கு வந்தது. 1846இல் வெளியிட்டார். புதுச்சேரி அம்மோனைட்டுகளுக்கு அவர் வைத்த பெயர்களைப் படித்ததும் எனக்கு மேல் சிலிர்த்தது. அம்மோனைட்டஸ் பிரம்மா. அம்மோனைட்டஸ் விஷ்ணு. இந்திரா, வருணா, சூர்யா. மனுவைக்கூட விடவில்லை, அவர் எழுத்தில் அது மெனு. அம்மோன் என்பதே எகிப்தியக் கடவுளின் பெயர், அவருடைய ஆட்டுக்கடாக் கொம்பு மாதிரி சுருண்டதால் வந்தது. எகிப்துக் கடவுளின் கொம்புக்குள் நம் ஊர்த் தேவர்கள் ஒவ்வொருவராக நுழைந்திருந்தார்கள்.

பெயர் அதோடு நிற்கவில்லை. சுருண்டதெல்லாம் அம்மோனைட்டஸ் என்று ஒரே பேரினத்தில் போட்டுக்கொண்டே போனதில் அந்தப் பை கிழிந்துவிட்டது. வியன்னாவில் ஃப்ரான்ஸ் கோஸ்மாட் 1890களில் தென்னிந்தியக் கிரெட்டேஷியஸ் முழுவதையும் மறுபடி எடுத்து வைத்துப் பிரித்தார். பிரம்மா இப்போது பிரம்மைட்டஸ் பிரம்மா. இந்திரன் சூடோஃபில்லைட்டஸ் இந்திரா, இன்றைக்கு உலகத்தின் பல கண்டங்களில் அடையாளம் கண்ட பிராணி. மெனு மெனுவைட்டஸுக்குள் போனது. வருணன் ஸீலண்டைட்டஸ் என்று நியூசிலாந்தின் பெயர் கொண்ட பேரினத்துக்குள் இருக்கிறான். கல் பொறுக்கிய கேயின் பெயரை ஃபோர்ப்ஸ் வைத்த ஒன்று இன்று வெர்டிபிரைட்டஸ் கேயி. இன்று அம்மோனைட்டஸ் என்ற பேரினமே புழக்கத்தில் இல்லை.

இதைப் படிக்கிறவர்களுக்கு இது தலையைச் சுற்றலாம். எனக்கு இன்ஷியல் என்று வைத்துக்கொண்டதும் புரிந்துவிட்டது. பின்னால் வரும் பெயர் ஒருமுறை வைத்தால் வைத்ததுதான். முன்னால் இருப்பது வீட்டைச் சொல்வது, அது மாறும். பெயர் வைத்தவரைக் கடைசியில் எழுதுவார்கள் இல்லையா, ஃபோர்ப்ஸ், 1846 என்று, அது அடைப்புக்குறிக்குள் இருந்தால் கல் பிறந்த வீட்டில் இல்லை, புகுந்த வீட்டில் இருக்கிறது என்று அர்த்தம். எனக்குக் கல்யாணமாகி ரேஷன் கார்டில் இன்ஷியல் மாறிய வருஷம், பிரம்மாவுக்கும் இந்திரனுக்கும் இதே கதைதான் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

நடுவில் ஸ்டோலிச்காவைச் சொல்லாமல் போக எனக்கு மனசு வராது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த பிளான்ஃபோர்டு திருச்சி, தென்னார்க்காடு மாவட்டங்களை அளந்து, நம் ஊர்ப் பெயர்களாலேயே ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பாறைகளைப் பிரித்து 1862இல் எழுதினார். அந்தச் சேகரத்தின் அம்மோனைட்டுகளை விவரிக்கும் வேலை, அதே 1862இல் அந்தத் துறையில் சேர்ந்த 24 வயது மொராவியப் பையனுக்கு வந்தது. ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. ஒவ்வொரு கல்லுக்கும் சூச்சர் வரைந்து, பக்கவாட்டுத் தோற்றம், முதுகுத் தோற்றம் வரைந்து வெளியிட்ட அந்தத் தட்டுகளை இன்றைக்கும் திறந்து வைத்துத்தான் காரையில் கிடைப்பதை ஒப்பிடுகிறார்கள். மத்திய ஆசியாவின் யார்கண்டுக்குப் போன தூதுக்குழுவோடு சென்று திரும்பும் வழியில், 1874 ஜூனில், லடாக்கின் உயரத்தில் 36 வயதில் இறந்துபோனார். லே நகரில் கல்லறை இருக்கிறது. அவர் பெயர் வைத்த தியோபால்டியானம் என்ற திருச்சி அம்மோனைட்டைத்தான் பிறகு கோஸ்மாட்டிசெராஸ் என்ற பேரினத்துக்கு மூல இனமாக வைத்தார்கள். அந்த வகையறாவை அண்டார்டிகாவிலும் மடகாஸ்கரிலும் ஜப்பானிலும் எடுத்திருக்கிறார்கள்.

நான் படிக்கும்போது என்னை மிகவும் உலுக்கியது ஆண் பெண் விஷயம். ஒரே பாறை அடுக்கில் பெரிய ஓடு ஒன்று, சின்ன ஓடு ஒன்று என்று ஜோடியாகக் கிடைக்கும். சின்னதின் வாயில் காது மாதிரி இரண்டு நீட்டம். பெரியதற்கு அது இருக்காது. ஆனால் உள் சுருள்கள் இரண்டிலும் ஒன்றேபோல் இருக்கும். தனித் தனி இனம், சில நேரம் தனித் தனிப் பேரினம் என்று நூறு வருஷம் பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள். 1960களின் தொடக்கத்தில் போலந்தில் மகோவ்ஸ்கி, இங்கிலாந்தில் காலோமன், இருவரும் தனித்தனியே, இது புருஷன் பெண்டாட்டி என்று காட்டினார்கள். பெரியது பெண் என்பதுதான் பெரும்பாலோர் கருத்து. அம்மோனைட்டின் வாயருகே கிடைக்கும் ஜோடித் தகடுகளைக்கூட முதலில் தனியான சிப்பி இனம் என்று எண்ணினார்கள். அது அதன் தாடை. ஒரு வீட்டு மனுஷர்களையே பிரித்து ஆளுக்கொரு ஜாதகம் எழுதிவைத்த மாதிரி. பெயர்கள் குறைந்துகொண்டே வருவது தோல்வி என்று என் வகுப்பில் ஒரு பையன் சொன்னான். எனக்கு அது ஒரு குடும்பம் ஒன்று சேர்வதாகத்தான் பட்டது, இன்றும் அப்படித்தான்.

ஹாஸ்டலில் என் அறைத்தோழி ஸ்ரீரங்கத்துக்காரி. அவள் வீட்டில் தலைமுறையாக வரும் சாளக்கிராமம் இருந்தது. நேபாளத்தில் காளிகண்டகி நதிப் படுகையிலிருந்து வந்தது, திருமங்கையாழ்வார் பாடிய தலம் என்று அவள் பாட்டி சொன்னார். தொடவில்லை, தள்ளி நின்று பார்த்தேன். கறுத்த உருண்டைக் கல், ஒரு பக்கம் திறப்பு, உள்ளே விலா வரிகளோடு சுருள். சக்கரம் என்று பாட்டி சொன்னார். ஜுராசிக் கடலின் அம்மோனைட் என்று எனக்குத் தெரியும். பாட்டியிடம் சொல்லவும் செய்தேன். "அப்போ எவ்வளவு காலமாத் தண்ணியில இருந்திருக்கார்" என்று கை கூப்பினார்.

என் கல்லின் பெயருக்கு வருகிறேன். பேராசிரியர் தேயாத பக்கத்தின் வரிகளையும் முடிச்சுகளையும் பார்த்து அகாந்தோசெராட்டிடே குடும்பம் என்றார். கிரெட்டேஷியஸின் ஒரு பகுதியான செனோமேனியன் காலம், ஏறத்தாழ ஒன்பதரைக் கோடியிலிருந்து பத்துக் கோடி ஆண்டுக்கு முன்னால். காரைப் பகுதிக்குப் பொருந்தும். அதற்கு மேல் அவர் நகரவில்லை. இந்தக் குடும்பத்தில் பேரினத்தைப் பிரிக்க முடிச்சுகள் எத்தனை வரிசை, நடு முதுகில் ஒன்று உண்டா, வளர வளர அது மறைகிறதா என்று உள் சுருளிலிருந்து வெளிச் சுருள் வரை பார்க்க வேண்டும். முதுகின் ஒரு பாதியை நான் தேய்த்துவிட்டேன்.

"எந்த ஓடை? எந்த அடுக்கு?" என்று கேட்டார்.

"காரைக்கு அந்தப் பக்கம் சார்."

"காரைக்கு அந்தப் பக்கம் நூறு ஓடை இருக்கும்மா."

பெயர் கோட்டில் மட்டும் இல்லை, இடத்திலும் இருக்கிறது. ஓர் அம்மோனைட் இனம் வாழ்ந்த காலம் பெரும்பாலும் குறுகியது, கடல் நெடுகப் பரவியிருக்கும். அதனால்தான் 1850களில் ஓப்பல் என்பவர் ஜுராசிக் அடுக்குகளை அம்மோனைட் பெயர்களால் மண்டலம் மண்டலமாகப் பிரித்தார். திருச்சிக் கிரெட்டேஷியஸுக்கு 1968இல் சாஸ்திரி, ராவ், மாம்கெய்ன் அதைச் செய்தார்கள். எந்த அடுக்கு என்று தெரிந்தால் கல்லின் பெயர் பாதி தெரிந்த மாதிரி. கல்லின் பெயர் தெரிந்தால் அடுக்கின் வயது தெரியும். இரண்டில் ஒன்றாவது நிச்சயமாக இருக்க வேண்டும். என்னிடம் இரண்டும் அரைகுறை. இணையத்தில் அரியலூர் அம்மோனைட் என்று விலை போட்டு, மெருகேற்றி, இடம் எதுவும் எழுதாமல் விற்கிறார்களே, அந்தப் படங்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வரும், கூடவே அந்தத் துவைக்கிற கல்லும் கண்ணில் வரும்.

போன தையில் மாமாவைக் கூட்டிக்கொண்டு காரைக்குப் போனேன். அவருக்கு எழுபத்தாறு வயது, ஆடுகளை விற்று ரொம்ப நாளாகிறது. ஐப்பசி கார்த்திகை மழை ஒவ்வொரு வருஷமும் அந்த மேடுகளை அறுக்கிறது. முப்பது மழைக்காலத்துக்குப் பிறகு பழைய ஓடை எங்கே இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டு போனேன். மாமா ஒரு மேட்டில் ஏறி நின்று, கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்தார்.

"ஓடைய தேடாத. ஓடை எடம் மாறிரும். தோட்டாக்கல் நெறையக் கெடக்குற வரி எங்க முடியுதுன்னு பாரு. அது முடிஞ்சு, மண்ணு நெறம் மாறுறதுக்கு முன்னால. அங்கதான் நெம்புனேன்."

"எப்படி மாமா ஞாபகம் இருக்கு?"

"ஆடு தோட்டாக்கல்லுல சறுக்கும். நான் பாத்துப் பாத்து ஓட்டுவேன். அன்னிக்கு அதத் தாண்டுன பிற்பாடுதான் நீ கத்துன."

நாங்கள் அந்த வரியைத் தேடி நடந்தோம். தோட்டாக்கற்கள் சிதறிக் கிடந்தன, மேலே ஏற ஏறக் குறைந்தன, ஓர் இடத்தோடு நின்றுபோயின. அதற்கு மேல் ஆறேழு அடி உயரத்துக்கு வெறும் களிமண், ஜிப்சம் ஓடிய விரிசல்கள். பிறகு நிறம் மாறியது. ஆறேழு அடிதான். நூறு ஓடையிலிருந்து ஆறேழு அடிக்கு ஆடு மேய்த்தவர் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். அந்த அடுக்கில் ஒரு சுருள் துண்டு, கட்டைவிரல் அளவு, பாதி மண்ணுக்குள் இருந்தது. எடுக்கவில்லை. போனில் இடத்தைக் குறித்துக்கொண்டு, ஸ்கேல் வைத்துப் படம் எடுத்தேன். வரி மேல் முடிச்சு, நடு முதுகில் ஒன்று. படங்களை ஓய்வு பெற்றிருக்கும் என் பேராசிரியருக்கு அனுப்பினேன். அவர் இன்னும் பதில் எழுதவில்லை, கண் சிகிச்சையில் இருக்கிறார்.

அம்மா இப்போது தைப்பதில்லை, ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியவில்லை. மெஷினுக்கு உறை போட்டாயிற்று, கல் மட்டும் அதே ஓரத்தில் இருக்கிறது. காரையிலிருந்து திரும்பிய அன்று ராத்திரி, அம்மாவின் அளவு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நான் எழுத, அவள் வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அகாந்தோசெராட்டிடே. பேரினம் தெரியவில்லை. இனம் தெரியவில்லை. காரை, பெரம்பலூர் மாவட்டம். பெலம்னைட் அடுக்கு முடிகிற இடத்துக்கு மேலே, மண் நிறம் மாறும் இடத்துக்குக் கீழே. மே 1994. ஒரு பக்கம் தேய்க்கப்பட்டது.

"எடுத்தது யாருன்னு போடலையா?" என்றாள் அம்மா.

மாமாவின் பெயரை முதலில் எழுதினேன், பிறகு என் பெயரை, பிறந்த வீட்டு இன்ஷியலோடு.